ஐந்தை இரண்டு என்று எழுதிய நாள்

போன வாரம், ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொள்ளும் உங்கள் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் எழுந்து கேட்டார்: "போன மாசம்தானே ஸ்கேன் எடுத்தீங்க, மறுபடியுமா, இத்தனை தடவை எடுத்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதான்னு கர்ப்பிணிங்க கேக்கறாங்க சார். என்ன பதில் சொல்றது?"

வகுப்பெடுத்தவர் சரியாகவே சொன்னார். ஸ்கேனில் போவது ஒலி, எக்ஸ்ரேயைப் போல் கதிர் கிடையாது. முறையாக எடுத்த ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாக இதுவரை தெரியவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் எடுக்காதீர்கள், முகம் காட்டுகிறேன் கை காட்டுகிறேன் என்று நேரத்தை நீட்டாதீர்கள் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டீர்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

சொல்ல ஒன்று இருந்தது. எழுந்து நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஸ்கேன் என்ற சொல்லையே யாரும் கேட்டிருக்கவில்லை. வயிற்றுக்குள் இருப்பது இரட்டையா, தலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் எக்ஸ்ரேதான். ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே எடுப்பவனாகச் சேர்ந்தேன். வயது இருபத்து நான்கு. சென்னையில் பயிற்சி முடித்து வந்திருந்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கறாரான மனிதர். பெண்களுக்கு இடுப்பிலோ வயிற்றிலோ படம் எடுக்கச் சீட்டு வந்தால் முதலில் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்பார். "கேக்கக் கூச்சமா இருந்தா இப்பவே எழுந்து போயிடு. தபால் ஆபீசுல வேலை காலியா இருக்கு" என்பார். வகுப்பில் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

சரோஜா அங்கே வந்தது ஒரு புதன்கிழமை காலை. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற கன்னியப்பனின் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருடம். இருபது வயது இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவந்தாள். கிணற்றடியில் குடத்தோடு வழுக்கி விழுந்தாளாம். அந்த மருத்துவமனையை நடத்தியவரைப் பெரிய டாக்டர் என்போம். அவர் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பில் விரிசல் இருக்கிறதா பார் என்று சீட்டு எழுதி அனுப்பினார். கூடவே கன்னியப்பனும் அவன் தாயாரும் வந்தார்கள்.

நான் சீட்டைப் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கட்டிலின் ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் கணவன். என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவன். அவன் முன்னால் அவன் மனைவியிடம் அதை எப்படிக் கேட்பது? "எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்கும் ஒரு கூச்சம். இளம்பெண்ணை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான் என்று பேர் வருமோ என்று ஒரு பயம். கேட்காமலே படுக்கச் சொன்னேன்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டு படம் போதும். நான் எடுத்தது ஐந்து.

முதல் படத்தில் அவள் வலியில் அசைந்துவிட்டாள். இரண்டாவது வெளிறிப்போய் வந்தது. நான்தான் அளவைக் குறைத்து வைத்திருந்தேன். மூன்றாவது சரியாக அமைந்தது. பக்கவாட்டுப் படத்தை இருட்டறையில் கழுவும்போது அவசரத்தில் கீறிவிட்டேன். அதை மறுபடியும் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவளை அந்தத் தகரக் கட்டிலில் புரண்டு படுக்கச் சொன்னேன். நான்காவது தடவை படுக்கும்போது அவள் கேட்டாள்.

"இன்னும் எத்தினி தபாண்ணா? இத்தினி தபா எடுக்கிறீங்களே, எதனா ஆவுமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. ஃபோட்டோ எடுக்கிற மாதிரிதான்."

பெரிய டாக்டருக்குப் படம் வீணாவது பிடிக்காது. அதற்கு முந்தின வாரம்தான் நோயாளிகள் எதிரிலேயே, "ஃபிலிம் என்ன ஆகாசத்திலிருந்தா கொட்டுது?" என்று என்னைச் சத்தம் போட்டிருந்தார். நான் பதிவேட்டில் சரோஜா என்ற பெயருக்கு எதிரே இரண்டு என்று எழுதினேன். வீணான மூன்று படங்களையும் செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய், வேகவதி ஆற்று மணலில் புதைத்தேன். எலும்பில் விரிசல் இல்லை. வெறும் தசைப்பிடிப்பு. தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்த முறை, வாரத்தில் மூன்று நாள் வந்துபோகும் டாக்டரம்மாவைப் பார்க்க. நாள் கணக்கைப் பார்த்த டாக்டரம்மா, படம் எடுத்த அன்றைக்கே கரு தங்கியிருந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். அவளையும் கன்னியப்பனையும் அழைத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். பெரிய டாக்டரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"இவங்களுக்கு எத்தனை படம் எடுத்தே?"

பதிவேடு மேசைமேல் இருந்தது. "ரெண்டும்மா" என்றேன்.

"எடுக்கறதுக்கு முன்னாடி நாள் கேட்டியா?"

நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், வேலை போயிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த இடத்துக்கு மனம் போகும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் சொன்னேன்:

"கேட்டேம்மா. அதெல்லாம் இல்லைன்னு சொன்னாங்க."

சரோஜா நிமிர்ந்தாள். "என்னையா? என்னை யாரும் ஒண்ணியும் கேக்கலியேம்மா. நான்தான் கேட்டேன், எதனா ஆவுமான்னு. நெறைய தபா எடுத்தாரும்மா இவரு. ரெண்டு இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "மத்ததெல்லாம் படுக்க வெச்சு சும்மா நிலை பாத்ததும்மா. படம் எடுத்தது ரெண்டுதான். அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது இல்லையா" என்றேன். படிப்பறிவில்லாத ஒருத்தியின் வாயை அடைக்க என் தொழில் அறிவை அப்படிப் பயன்படுத்தினேன்.

பெரிய டாக்டர் அவளிடம், "வலியில மறந்திருப்பே" என்றார். கன்னியப்பனும், ஏதோ தன் வீட்டுத் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவன் போல, "ஆமா சார், அன்னிக்கு துடிச்சிக்கினு இருந்தா. மறந்திருப்பா" என்றான். சரோஜா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி, ரெண்டு படத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. நல்லபடியா இரு" என்று டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் கொடுத்த எண்ணை வைத்துத்தான் அவர் அந்தத் தைரியத்தைக் கொடுத்தார்.

அதன்பிறகும் அவள் டாக்டரம்மாவைப் பார்க்க வருவாள். பெண்கள் உட்காரும் பலகை என் அறைக்கு எதிரே இருந்தது. அவள் வந்துவிட்டது தெரிந்தால் நான் இருட்டறைக்குள் போய், செய்ய வேலை இல்லாவிட்டாலும் நின்றுகொண்டிருப்பேன். நான்காம் மாதம் அவள் பலகையில் உட்காரவில்லை. மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கரு கலைந்துவிட்டது.

டாக்டரம்மா அந்தக் குடும்பத்திடம், இப்படிக் காரணமே இல்லாமலும் ஆவதுண்டு, யார் தப்பும் இல்லை என்று சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகல்பொழுதில் கன்னியப்பன் தனியாக வந்தான். அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்க வூட்ல ஒரே சண்டையா இருக்குது. எங்கம்மா சொல்லுது, நீ கேட்டப்பவே நாள் தள்ளிப்போச்சின்னு அவ சொல்லியிருந்தா படமே எடுத்திருக்க மாட்டாங்க, புள்ளையும் நின்னிருக்கும்னு. அவ, என்னைக் கேக்கவே இல்லைன்னு சாமி மேல சத்தியம் பண்றா. நீ கேட்டியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுவதுபோலக் கேட்டான். கேட்கவில்லை என்று நான் சொல்லிவிடமாட்டேனா என்று அவன் முகம் எதிர்பார்த்தது. அவனுக்கு மனைவியை நம்ப ஆசை. அதற்கு என் ஒரு சொல் வேண்டியிருந்தது.

"ரொம்ப நாள் ஆச்சேண்ணே. சரியா ஞாபகம் இல்ல" என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. "வழக்கமா கேப்போம்" என்றேன்.

"வழக்கமா கேப்பீங்க" என்று அவன் திருப்பிச் சொன்னான். தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

எங்கள் வார்டில் வேலை செய்த அஞ்சலை பிள்ளையார்பாளையத்துக்காரி. அடுத்த வாரம் துணி மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: "அந்த சரோஜாவை முசரவாக்கத்துல அவ தாய்வூட்டுக்கு அனுப்பிட்டாங்கபா. புள்ளைய வாரி குடுத்துட்டு பொய்யும் சொல்றாளேன்னு மாமியாக்காரி ஒரே புடியா நிக்குது. அவன் நல்லவன்தான். ஆனா அவனுக்கும் மனசு விட்டுப்போச்சி."

இதற்குமேல் மறைக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். டாக்டரம்மா வரும் நாள்வரை பொறுத்திருந்தேன். கடைசி நோயாளியும் போனபிறகு அவர் அறைக்குள் போய் நின்றேன். கேட்கவில்லை, எடுத்தது ஐந்து, மூன்றை ஆற்றில் புதைத்தேன், கணவன் வந்து கேட்டபோதும் மழுப்பினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை மூடிவைத்தார்.

"அஞ்சு படத்தாலதான் கலைஞ்சுதுன்னு நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் இருக்காது. படமே எடுக்காத எத்தனையோ பேருக்கு இந்த மாசத்துல கலைஞ்சு பாத்திருக்கேன். ஆனா ரெண்டுன்னு நம்பி நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அஞ்சுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு டாக்டரைக் கேட்டிருப்பேன். அவகிட்ட உள்ளதைச் சொல்லி, கருவை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு அவளையே முடிவு பண்ணச் சொல்லியிருப்பேன். அந்த இடத்தையே நீ அவளுக்கு இல்லாம பண்ணிட்டே." பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட போ" என்றார்.

பெரிய டாக்டர் காதுக்கும் அவரே கொண்டுபோனார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "முடிஞ்சுபோனதைக் கிளறாதே. ஆஸ்பத்திரி பேர் கெடும். போய்ச் சொல்றதுன்னா திரும்பி இந்தப் பக்கம் வராதே" என்றார். நான் எக்ஸ்ரே அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். துணிச்சலில் வைத்ததாக எண்ணிவிடாதீர்கள். வைக்கும்போது சாவி ஒருமுறை கீழே விழுந்தது.

மறுநாள் காலை சைக்கிளில் முசரவாக்கம் போனேன். ஊரைத் தாண்டிய கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சரோஜாவும் அவள் அம்மாவும் வரப்போரம் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் அம்மா எழுந்தாள். சரோஜா எழவில்லை. கை மட்டும் காயை ஆய்ந்தபடியே இருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. "நான் உங்களைக் கேக்கலம்மா. கேட்டேன்னு பொய் சொன்னேன். படமும் ரெண்டு இல்ல, அஞ்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நான் நின்றேன்.

"கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? அஞ்சுன்னும் தெரியும். படுக்கும்போது எண்ணிக்கினுதான் இருந்தேன். எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்றதுக்கா இத்தினி தூரம் சைக்கிள் மெதிச்சிக்கினு வந்தே?" கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "தெரியாதவங்க அங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லு. தனியா கூப்ட்டு காதுல சொல்லாத. தெருவுல சொல்லு. என்னைப் பொய்க்காரின்னு தெருவுலதான் சொன்னாங்க."

"சரிம்மா" என்றேன். அவள் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தாள். "வேணாம்மா, அவரு கிளம்பட்டும்" என்றாள் சரோஜா.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அவள் அழுவாள், திட்டுவாள், பிறகு பாவம் என்று விட்டுவிடுவாள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவளுக்கு என்ன தேவை என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு என்ன தேவை என்பதைத்தான் யோசித்திருந்தேன்.

அப்போதே திரும்பிப் பிள்ளையார்பாளையம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு நாள் முழுக்க வீட்டில் படுத்துக்கிடந்தேன். அதற்கு அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் போனேன். தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவாக இழுத்துக் கட்டி, இரு பக்கமும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். கன்னியப்பன் ஒரு முனையில் பாவு கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் தாயார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே சொன்னேன். குரல் எழும்பவில்லை. "இன்னாபா சொல்றே, ஒரக்க சொல்லு" என்றார் நடுவில் நின்ற ஒருவர். மறுபடியும் சொன்னேன். சரோஜா சொன்னதுதான் உண்மை. நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொன்னது பொய். இரண்டு படம் என்றதும் பொய். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

கன்னியப்பனின் முகம் சிவந்தது. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் அவன் கையில் கோல் இருந்தது. அதை விட்டால் அத்தனை இழையும் சிக்கிக்கொள்ளும். விடாமல் பிடித்தபடியே, "அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டேனே" என்றான். "ஒரு வார்த்தைதானே கேட்டேன்?"

அவன் தாயார் முதலில் என்னைச் சபித்தாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "வேலை முடியற வரைக்கும் நில்லு" என்றான் கன்னியப்பன். நின்றேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் யார் இது என்று கேட்டார்கள். இழை முடிபவர்கள் விவரம் சொன்னார்கள். பாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வந்தவன், என் சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் பக்கம் போனான். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அன்று சரோஜா அவனோடு வரவில்லை என்று அஞ்சலை பிறகு சொன்னாள். மாமியார் வந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்றாளாம். மாமியார் போகப் பதினைந்து நாள் ஆயிற்று. போனாள், கூட்டிவந்தாள். சைக்கிள் அடுத்த நாளே என் வீட்டு வாசலில் சாத்தியிருந்தது.

அதன்பிறகு எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பெண்களைக் கேட்காமல் நான் படம் எடுத்ததே இல்லை. வீணான படத்தையும் சேர்த்தே பதிவேட்டில் எழுதினேன். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பாடத்தின் செலவு முழுவதும் அவள் தலையில் விழுந்தது. அந்தப் படங்களால்தான் கரு கலைந்ததா என்று கேட்டால் இன்றைய மருத்துவர்களும் பெரும்பாலும் இருக்காது என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் செய்த கெடுதலுக்கு எக்ஸ்ரே இயந்திரம் தேவைப்படவே இல்லை.

உங்கள் கருவி என் கருவியைவிட எவ்வளவோ பத்திரமானது. "ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவசரத்தில், வரிசை நீண்டிருக்கிறதே என்ற எரிச்சலில், வாயை அடைப்பதற்காக அதைச் சொல்லாதீர்கள். ஏன் மறுபடி எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். முதல் தடவை சரியாகத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாததை டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் எண்ணிக்கொண்டுதான் படுத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் கழித்து அந்தப் புது மருத்துவமனைக்கு சரோஜா வந்தாள். கன்னியப்பனும் வந்திருந்தான். எட்டாம் மாதம், வயிறு பெரிதாக இருந்தது. இரட்டையா என்று பார்க்க ஒரே ஒரு படம் எடுக்கும்படி அங்கிருந்த மருத்துவர் எழுதியிருந்தார். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் எழுந்து நின்றேன். அவள் திரும்பி, பின்னால் வந்த நர்சிடம் அமைதியாகச் சொன்னாள்:

"படம் எடுக்கட்டும்மா. எனக்கு அதுல பயம் ஒண்ணும் இல்ல. இந்த ஆளு வேணாம்."

நான் கூட வேலை செய்த பையனைக் கூப்பிட்டு, உள்ளே அனுப்பி, நானே கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். அவள் வேலை முடித்துப் போனபிறகு அவன் ஈரப் படத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டான்: "ஏண்ணே, உங்களைப் பாத்ததும் அந்தம்மா அப்படிச் சொல்லிட்டாங்க? தெரிஞ்சவங்களா?"

"இல்லப்பா" என்ற சொல்தான் முதலில் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "உக்காரு, சொல்றேன்" என்றேன்.